வற்றிய காவிரி, பூத்த கொல்லை

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பதும் ஜனவரி 28 அன்று மூடுவதும் டெல்டாவின் பழைய கணக்கு. மூடிய நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் இடையில் நான்கரை மாதம். அந்த மாதங்களில் காவிரியும் வெண்ணாறும் வெட்டாறும் மணலாகக் கிடக்கும். வாய்க்காலுக்குள் ஆடு மேயும். சம்பாவும் தாளடியும் அறுத்த வயல் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரை பிறப்பதற்குள் தஞ்சாவூரில் பகல் வெப்பம் 37, 38 டிகிரியை எட்டிவிடும். ஒரு மரம் பூப்பதற்கு இதைவிடக் கெட்ட காலம் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வீட்டுக் கொல்லையில் நடப்பது வேறு. மாசியில் மொட்டையாக நின்ற வேம்பு பங்குனியில் செந்தளிர் விட்டு, கிணற்றடி முழுக்க வெள்ளைப் பூவாய்க் கொட்டுகிறது. புங்கன் பளபளவென்று துளிர்த்துப் பூக்கிறது. சரக்கொன்றை இலையை உதிர்த்துவிட்டு மஞ்சள் சரமாகத் தொங்குகிறது. குண்டுமல்லியில் நாளுக்கு நாள் அரும்பு கூடுகிறது. ஐப்பசி அடைமழையில், மண் தொட்டால் நீர் கசியும் நாள்களில், இவற்றில் எதுவும் இப்படிப் பூப்பதில்லை. தண்ணீர் நிறைந்திருக்கும்போது வராத பூ, தண்ணீர் போன பிறகு வருவது ஏன்?

வெயில் ஏறினால் பூ வரும் என்பது வழக்கமான விடை. வெயிலும் பூவும் சேர்ந்து வருவதால் ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக எடுத்துக்கொள்கிறோம். கிடைத்திருக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் கொல்லை மரங்கள் விஷயத்தில் வெயிலின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. வேம்பும் கொன்றையும் கோடையில் பூக்கத் தேவையான நீர் போன மழைக்காலத்தில் சேர்ந்தது. பூக்கும் காலத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் பகலின் நீளம். பூவுக்கு வழிவிடுவது இலை உதிர்வு. மல்லிகை மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. அதற்கு வெயில் உண்மையாகவே வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதால்தான் கோடைத் தொடக்கத்தில் நம் கொல்லைகளில் பாதி உழைப்பு வீணாகிறது.

முதலில் நீர். ஆறு வற்றியது என்றால் நிலமும் வற்றியது என்று பொருளில்லை. இதற்கு டெல்டா விவசாயிகள் ஆண்டுதோறும் ஒரு சோதனை நடத்திக் காட்டுகிறார்கள். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கிற நெற்பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தூவிவிடுவார்கள். ஆடுதுறை 3 போன்ற உளுந்து ரகங்கள் இந்த நெல் தரிசுக்கென்றே பயன்படுபவை. ஏறத்தாழ எழுபது நாள் பயிர். பெரும்பாலும் பாய்ச்சலே கிடையாது. நெல் விட்டுப்போன ஈரத்தையும் இரவுப் பனியையும் வைத்தே முளைத்து, பூத்து, காய்த்து முடிக்கிறது. ஒரு முழத்துக்குள் வேரோடும் சிறு செடிக்கே மாசி, பங்குனி வரை போதுமான ஈரம் மண்ணில் இருக்கிறது என்றால், ஆள் உயரத்துக்கும் கீழே வேர் செலுத்தும் வேம்புக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஊகிக்கலாம். டெல்டாவின் களிமண் நீரை இறுகப் பிடித்து வைத்திருக்கும் மண். மேலே இரண்டு மூன்று அங்குலம் காய்ந்துவிட்டால் அந்தக் காய்ந்த அடுக்கே கீழேயுள்ள ஈரம் மேலேறி ஆவியாவதைத் தடுக்கிறது. வெடித்த வயலின் மேற்பரப்பைப் பார்த்து அடிமண்ணை மதிப்பிடுவது தவறு.

பழைய தஞ்சை வீடுகளில் பத்தாயம் இருக்கும். தை மாதம் நெல்லைக் கொட்டி மேலே மூடி, அடுத்த அறுவடை வரை அடிவாயில் வழியாக அளந்து எடுப்பார்கள். வரவு நின்ற மாதங்களில் வீடு பசியில்லாமல் இருந்ததற்குக் காரணம் அளந்து எடுத்ததுதான். அடிமண் ஈரம் மரத்தின் பத்தாயம். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பியது. அதிலிருந்து அன்றாடம் பெரும்பகுதியை எடுப்பது இலை. இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் உண்டு. மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கத் துளையைத் திறந்தாக வேண்டும். திறந்தால் நீராவி வெளியே போகும். இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இப்படியே போய்விடுகிறது. மரத்தின் உடலாக மாறுவது மிகக் குறைவு. இலை முதிர முதிர, துளையை இறுக மூடும் திறனும் குறைகிறது. ஆக, மாசி மாதத்துப் பழைய இலை மரத்துக்கு உணவு தருவதைவிட நீர்ச்செலவு வைப்பது அதிகம். அதை உதிர்த்துவிட்டால் செலவு சட்டென்று நிற்கிறது. வேர் மட்டும் கீழிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. சில நாள்களில் தண்டும் கிளையும் நீரால் நிறைகின்றன. மொட்டு விரிவதற்கு வேண்டியது செல்களுக்குள் ஏற்படும் அந்த நீர் அழுத்தம்தான். இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும் வேம்பைப் பார்த்து வறட்சியில் வாடுகிறது என்று இரங்குவோர் உண்டு. அந்த வாரத்தில்தான் அதன் தண்டு நீரால் நிறைந்துகொண்டிருக்கிறது.

இதை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பது சொல்லத் தகுந்த கதை. மரத்தின் அடித்தண்டு பகலில் மயிரிழை அளவு சுருங்கி இரவில் விரிகிறது. தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகப் பட்டையைக் கட்டி, அதன் நகர்வை நுட்பமாக அளந்தால் மரத்துக்குள் நீர் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். பீட்டர் ரைஷ், ரால்ஃப் போர்க்கர்ட் இருவரும் கோஸ்டா ரிகாவின் வறண்ட தாழ்நிலக் காடுகளில் இப்படி அளந்து 1984இல் வெளியிட்டார்கள். கோடை நடுவில், ஒரு சொட்டு மழையும் இல்லாதபோது, பல மரங்கள் இலையை உதிர்த்த பிறகு தண்டு பருத்தது. அதன் பின்னாலேயே பூவும் தளிரும் வந்தன. இன்னொரு கருவி ஷோலாண்டரும் அவர் தோழர்களும் 1965இல் அறிமுகப்படுத்திய அழுத்தக் கலம். வெட்டிய ஒரு சுள்ளியைக் கலத்துக்குள் வைத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரியும்படி அடைத்து, உள்ளே வாயுவின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். எந்த அழுத்தத்தில் வெட்டுவாயில் நீர் துளிர்க்கிறதோ, அவ்வளவு இழுவிசையில் அந்த நீர் மரத்துக்குள் இருந்தது என்று பொருள். இலை நிறைந்த கோடை மரத்தில் இந்த இழுவிசை மிக அதிகம். இலை உதிர்ந்ததும் தளர்கிறது.

இவ்வளவையும் ஏற்றுக்கொள்பவர்கூட ஒன்று கேட்கலாம். இலையை உதிரவைப்பது வறட்சிதானே? அப்படியானால் காரணம் கடைசியில் வெயிலும் வறட்சியும்தானே? நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடி, பனாமாவில் பாரோ கொலராடோ தீவில் ஜோசப் ரைட்டும் ஃபெர்னாண்டோ கோர்னெஹோவும் காட்டுக்கே தண்ணீர் பாய்ச்சினார்கள். 2.25 ஹெக்டேர் பரப்புள்ள இரண்டு பகுதிகளில், 1986 முதல் ஐந்து கோடைகள், மண் ஒருபோதும் வறளாதபடி பார்த்துக்கொண்டார்கள். வறட்சிதான் இலையை உதிர்க்கிறது என்றால் அந்தப் பகுதிகளில் உதிர்வு நின்றிருக்க வேண்டும், குறைந்தபட்சம் தள்ளிப்போயிருக்க வேண்டும். 1990இல் வெளியான முடிவு, பெரும்பாலான மர இனங்கள் நனைந்த மண்ணிலும் தங்கள் வழக்கமான காலத்திலேயே இலையை உதிர்த்தன என்பது. மண் எப்படி இருந்தாலும் மரத்துக்கு வேறு எங்கிருந்தோ தேதி தெரிகிறது.

அந்தத் தேதி வானத்திலிருந்து வருகிறது. பகலின் நீளத்தைச் செடி அறிகிறது என்பதை 1920இல் அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் ஒரு புகையிலை ரகத்தை வைத்து நிறுவினார்கள். இதைத் தமிழில் ஒளிக்காலத்துவம் என்கிறார்கள். பகலளவு உணர்வு என்றால் இன்னும் எளிது. இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி ஒளியில் ஒரு வடிவமும் இருளில் மெல்ல இன்னொரு வடிவமும் எடுக்கிறது. அதைக் கொண்டு செடி இரவின் நீளத்தை அளக்கிறது. இங்கே இன்னொரு மறுப்பு எழும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொரு பாகைக்குள் இருக்கிற ஊர். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். தை நடுவிலிருந்து பங்குனி நடுவுக்குள் பகல் நீள்வது அரை மணிக்குச் சற்று மேல். இதையா ஒரு மரம் கண்டுபிடிக்கும்?

கண்டுபிடிக்கும் என்பதற்கு டெல்டாவின் நெல்லே சாட்சி. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவும் பகல் குறுகும் பருவத்தில்தான் கதிர் விடும். அவற்றைக் கோடையில் விதைத்தால் பயிர் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகுமே தவிர கதிர் வராது. பட்டங்களைப் பெரியவர்கள் அவ்வளவு கறாராகப் பார்த்ததற்கு இது ஒரு காரணம். 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் குறுவைக்கென்று தந்த ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற ரகங்கள் பகலளவைப் பொருட்படுத்தாதவை. 110 நாள் ஆனால் விளைந்துவிடும். நெல்லின் கூர்மை எவ்வளவு என்பதற்கு மலாக்காவில் ஓர் அளவு உண்டு. அங்கே ஆண்டு முழுவதிலும் பகலின் நீளம் மாறுவது 14 நிமிடம்தான். டோர் என்ற ஆய்வாளர் 1959இல் எழுதியபடி, சியாம் 29 என்ற நெல் அங்கே செப்டம்பரில் விதைத்தபோது 161 நாளிலும், ஜனவரியில் விதைத்தபோது 329 நாளிலும் பூத்தது. 14 நிமிடம் ஒரு புல்லுக்குத் தெரிகிறது என்றால் ஒன்றேகால் மணி நேரம் ஒரு மரத்துக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை. போர்க்கர்ட் குழுவினர் 2005இல் நேச்சர் இதழில், நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களிலும் பல மர இனங்கள் ஒரே காலத்தில் பூப்பதை, சூரியன் உதிக்கும் அல்லது மறையும் நேரம் ஆண்டுக்குள் மாறுவதை மரம் உணர்கிறது என்று விளக்கினார்கள். நம் தெருக்களில் மே மாதம் சிவக்கும் மயில்கொன்றையும் ஒரு சான்று. அதன் பூர்வீகம் மடகாஸ்கர். அங்கேயும் ஆஸ்திரேலியாவிலும் அது ஆண்டின் கடைசி மாதங்களில் பூக்கிறது. அந்த நாடுகளில் பகல் நீள்வது அப்போதுதான்.

இவ்வளவு உறுதியாகத் தேதி பார்க்கும் மரம் ஏன் ஓராண்டு முந்தியும் ஓராண்டு பிந்தியும் பூக்கிறது? விஷுவுக்கு வாரக்கணக்கில் முன்பே கொன்றை பூத்து முடிந்துவிடுகிறது என்று கேரளத்தில் அடிக்கடி கேட்கும் குறை. இங்கும் சித்திரை முதல் நாளுக்கு வேப்பம்பூ சில ஆண்டு மிகுதி, சில ஆண்டு அரிது. பகலின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லையே. மாறுவதில்லை, அதனால்தான் அது பருவத்தை மட்டும் நிர்ணயிக்கிறது என்றேன். அந்தப் பருவத்துக்குள் எந்த வாரம் என்பது, இலை எப்போது உதிர்ந்தது, வடகிழக்குப் பருவமழை எவ்வளவு ஆழம் இறங்கியது, வெப்பம் எவ்வளவு முந்தி ஏறியது என்பவற்றைப் பொறுத்தது. வெயிலுக்குச் சேரவேண்டிய பங்கு இங்கே இருக்கிறது, அதை மறுக்கக்கூடாது. வறட்சிக்குப் பின் ஒரு மழை விழுந்தால்தான் பூப்பேன் என்கிற செடிகளும் உண்டு. காப்பி அப்படி. அதன் மொட்டு வறட்சியில் உறங்கி, பங்குனி வாக்கில் விழும் ஒரு மழையில் விழித்து, ஏறத்தாழ பத்து நாளில் மலையெல்லாம் வெள்ளையாகிறது. காப்பிக்கு வறட்சியே தேவை என்பதை 1960இல் பவுலோ ஆல்விம் காட்டினார். தொட்டியில் வைக்கும் ரெயின் லில்லியும் இந்த வகைதான். ஆகவே கோடைப் பூ என்று ஒரே பெயரால் சொல்வது பல வேறுபட்ட வழிகளை.

கோடைத் தொடக்கத்தில் பூப்பதால் மரத்துக்கு என்ன பயன் என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலையில்லாத கொன்றையின் பூ தேனீக்கும் வண்டுக்கும் தொலைவிலேயே தெரியும். வேம்பு பங்குனியில் பூத்தால் ஆனி, ஆடியில் பழுக்கும். அதன் விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழப்பது. எனவே மழைக்குச் சற்று முன்னால் விழுந்தால்தான் அடுத்த தலைமுறை. கொன்றைக்கு இந்த அவசரம் இல்லை. அதன் காய் முற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். எல்லா மரத்துக்கும் பொருந்தும் ஒரே பயனைத் தேடினால் ஏமாற்றமே கிடைக்கும்.

இனி மல்லிகை. குண்டுமல்லி பூப்பது புதுக்கொழுந்தின் நுனியில். பழைய கிளை எத்தனை தடித்திருந்தாலும் அதில் நேரே அரும்பு வராது. கொழுந்துகள் எத்தனையோ, பூங்கொத்தும் ஏறக்குறைய அத்தனை. கொழுந்துகளைப் பெருக்க வழி கவாத்து. ஒவ்வொரு கிளையின் நுனியும் கீழேயுள்ள பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. இதை நுனி ஆதிக்கம் என்பார்கள். நுனியில் சுரந்து கீழிறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருளே காரணம் என்று திமான், ஸ்கூக் இருவரும் 1930களில் கண்டார்கள். அவரைச் செடி ஒன்றின் நுனியை வெட்டினால் பக்கமொட்டு வளர்ந்தது. வெட்டிய இடத்தில் ஆக்சினைத் தடவினால் அடங்கியே இருந்தது. 2014இல் பட்டாணிச் செடியில் செய்த ஆய்வு இந்தச் சித்திரத்தைத் திருத்தியது. நுனி போனதும் அது உண்டுகொண்டிருந்த சர்க்கரை பக்கமொட்டுகளுக்குப் பாய்கிறது. முதல் தூண்டுதல் அந்தச் சர்க்கரைதான், ஆக்சின் அதற்குப் பிறகு. எப்படியாயினும் வெட்டினால் பல கிளைக்கும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் குண்டுமல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். வெட்டும் முன் சில நாள் நீரை நிறுத்தி, செடியை ஓய்வுக்குக் கொண்டுவருவார்கள். கார்த்திகையில் வெட்டிய வாயிலிருந்து கிளம்பிய கொழுந்து, மார்கழிக் குளிரில் மெதுவாக நகர்ந்து, மாசியில் வெப்பம் ஏறியதும் வேகம் பிடித்து, பங்குனியில் அரும்பு கட்டுகிறது. மார்கழியிலும் தையிலும் மல்லிகை வரத்து சுருங்கி விலை ஏறுவதற்குக் காரணம் இந்தக் குளிர்தான். மல்லிகையைப் பொறுத்தவரை வெயில்தான் பூவைக் கொண்டுவருகிறது என்று தாராளமாகச் சொல்லலாம், கார்த்திகையில் கத்தி வைத்திருந்தால்.

இதிலிருந்து கொல்லை வேலைகள் எப்படி மாறுகின்றன? வளர்ந்த வேம்பு, புங்கன், கொன்றை மூன்றுக்கும் பங்குனியில் தண்ணீர் ஊற்றுவது தேவையில்லாத வேலை. அடித்தண்டைச் சுற்றி ஊற்றும் ஒரு குடம் நீர், அவை நீர் எடுக்கும் வேர்களை எட்டுவதே இல்லை. நட்டு இரண்டு மூன்று ஆண்டுகூட ஆகாத கன்றுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றின் வேர் இன்னும் அடிஈரத்தைத் தொடவில்லை; வாரம் ஒருமுறையாவது மண் ஆழமாக நனையும்படி ஊற்ற வேண்டும், தினம் தெளிப்பதில் பயனில்லை. மரங்கள் உதிர்த்த சருகைக் கூட்டிக் கொளுத்துவது டெல்டா முழுக்க மாசி மாதத்து வழக்கம். மண்ணின் ஈரத்தை மூடிக் காக்க மரமே கொட்டிக் கொடுத்ததை எரிப்பது பெரிய இழப்பு. கறையான் வரும், பாம்பு தங்கும் என்று சொல்வார்கள். கறையான் முதலில் தேடுவது செத்த பொருளைத்தான். சருகைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்பினால் போதும். பாம்புக்கு இடம் தருவது மூலையில் மலையாய்க் குவித்த சருகுதான், நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பியது அன்று. மாமரம் தை, மாசியிலேயே பூத்துவிடும். அதற்கு முன்னால் நிறைய நீர் விட்டால் பூவுக்குப் பதில் தளிர் வரும். பிஞ்சு கோலிக்குண்டு அளவு ஆன பிறகு நீர் தந்தால் உதிர்வு குறையும்.

மல்லிகைக்கு நேர்மாறு. அரும்பு தெரிந்த நாளிலிருந்து அதற்கு மண் காயக்கூடாது. அதன் வேர் மேல்மண்ணில்தான் அதிகம். ஆனால் டெல்டாக் களிமண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் இலை மஞ்சளாகும். இதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றிச் செடியைக் கொல்பவர்கள் பலர். இரண்டு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் படாவிட்டால் மட்டும் ஊற்றுவதும், மேட்டுப்பாத்தியில் நடுவதும் இதற்குப் பரிகாரம். வறண்ட வெயிலில் இலையின் அடியில் செம்பேன் பெருகும். காலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி நீரைப் பீய்ச்சினாலே பாதி குறைந்துவிடும். மொட்டுப்புழு அரும்புகளை நூலால் ஒன்றோடொன்று பிணைத்துத் துளைக்கும். அப்படிப் பிணைந்த கொத்தைக் கிள்ளி அழிப்பதே வீட்டளவில் போதுமான மருந்து. பங்குனியில் அரும்பு குறைவு என்பதற்காக அப்போது கவாத்து செய்வது பெருந்தவறு. அரும்பு ஏந்தியிருக்கும் கொழுந்தைத்தான் வெட்டி எறிவோம்.

மரங்கள் விஷயத்தில் ஒவ்வொரு கொல்லையும் ஓர் அளவைத் தரமுடியும். ஒரு வேம்பின் கடைசிப் பழுத்த இலை விழுந்த நாள், முதல் தளிர், முதல் பூ, இந்த மூன்று தேதிகள் போதும். கிணற்றடியில் எப்போதும் ஈரத்தில் நிற்கும் வேம்புக்கும், வரப்பில் காய்ந்த மண்ணில் நிற்கும் வேம்புக்கும் தனித்தனியாகக் குறித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தால் பனாமாவில் கண்டது இங்கும் பொருந்துகிறது. வரப்பு வேம்பு ஒவ்வோராண்டும் முந்தினால் மண்ணின் பங்கு நான் இங்கே சொன்னதைவிடப் பெரியது. 2010 வாக்கில் தொடங்கிய சீசன்வாட்ச் என்ற திட்டம் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்தும் பொதுமக்களிடமிருந்தும் இத்தகைய தேதிகளை வாரந்தோறும் வாங்கித் தொகுக்கிறது. அதன் மரப்பட்டியலில் வேம்பும் புங்கனும் கொன்றையும் மாவும் இருக்கின்றன.